எம்ஆர்ஐ ஸ்கேனுக்கு முன் ஒரு கேள்வி: உடம்புக்குள் உலோகம் ஏதாவது இருக்கிறதா?

அப்பாவுக்குப் பேஸ்மேக்கர் (இதயத் துடிப்பைச் சீராக்கும் கருவி) வைத்து 14 வருடம் ஆகிறது. பேட்டரி தீர்ந்துபோய் 2 வருடத்துக்கு முன் அது இருக்கும் பெட்டியை மட்டும் மாற்றினார்கள். "எம்ஆர்ஐ எடுக்கக்கூடிய மாடல்தான்" என்று அப்போதே சொல்லியிருந்ததால், முதுகுவலிக்கு எம்ஆர்ஐ எழுதிக் கொடுத்தபோது பேஸ்மேக்கர் கார்டை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டோம்.

டெக்னீஷியன் அந்தக் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "லீடு மாடல் நம்பர் இதில் இல்லையே சார்" என்றார். லீடு என்றால் பெட்டியிலிருந்து இதயத்துக்குப் போகும் வயர். பெட்டி புதிது, வயர் பழையது. ஸ்கேனின் ரேடியோ அலையை அந்த வயர் ஆன்டெனா மாதிரி வாங்கி, இதயத்தைத் தொடும் நுனி சூடேறலாமாம். அதனால் பெட்டியும் லீடும் சேர்ந்த ஜோடிக்குத்தான் அனுமதி. 'எடுக்கலாம்' என்று சொல்கிறவர்கள் 'இன்னின்ன நிபந்தனையோடு' என்பதையும் சேர்த்துச் சொன்னால் புண்ணியமாகப் போகும்!

பரண் மேலிருந்து பழைய டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்தோம். கடைசிப் பக்கத்தில் பழுப்பேறிய 2 ஸ்டிக்கர், லீடு நம்பரோடு. நல்லவேளை, அந்த ஜோடிக்கு 1.5 டெஸ்லாவில் (டெஸ்லா என்பது காந்தத்தின் வலிமையைச் சொல்லும் அளவு) அனுமதி இருந்தது. 3 டெஸ்லா மெஷின் காலியாக இருந்தும் காத்திருந்துதான் எடுத்தோம். உள்ளே போகுமுன் ஒருவர் அப்பாவின் நெஞ்சில் மவுஸ் மாதிரி ஒன்றை வைத்து, பேஸ்மேக்கரை எம்ஆர்ஐ மோடுக்கு மாற்றினார். முடிந்ததும் பழைய செட்டிங்குக்குக் கொண்டுவந்த பிறகே அனுப்பினார்கள். அதற்குள் அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பத் தயார். பிடித்து உட்கார வைத்தேன்.

*

நான் லேத்தில் 20 வருடம் வேலை பார்த்தவன். எம்ஆர்ஐக்கு முன் கொடுத்த படிவத்தில் 'கண்ணில் எப்போதாவது இரும்புத்தூள் பட்டதுண்டா' என்று இருந்ததற்கு 'இல்லை' என்று எழுதிவிட்டேன். பக்கத்தில் இருந்த வீட்டம்மா, "அன்றைக்கு டாக்டர் ஊசி வைத்து எடுத்தாரே, மறந்துவிட்டதா?" என்று கேட்டதும்தான் ஞாபகமே வந்தது. முதலில் கண்ணுக்கு எக்ஸ்ரே எடுத்து, ஒன்றும் மிச்சமில்லை என்று உறுதியான பிறகுதான் உள்ளே விட்டார்கள். துளி இரும்பு இருந்தாலும் காந்தம் அதை அசைத்துப் பார்வையைக் கெடுத்துவிடுமாம்.

*

என் மகளுக்கு காக்லியர் இம்பிளான்ட், காது கேட்க உள்ளே பொருத்தும் கருவி. வெளியே மாட்டும் கருவியைக் கழற்றினால் போதும் என்று நினைத்திருந்தேன். தோலுக்கு அடியிலும் ஒரு காந்தம் இருக்கிறதே! அவளுடைய மாடலுக்குத் தலையை இறுக்கிக் கட்டுப்போட்டு எடுக்கலாம் என்றார்கள். கட்டியும் வலித்தது, பாவம். படத்தில் அந்தப் பக்கம் முழுக்கக் கறுப்பு நிழல். பார்க்க வேண்டிய இடம் அந்தக் காதை ஒட்டியே இருந்ததால் கடைசியில் சிடி எடுக்க வேண்டியதாயிற்று. இந்த நிழல் விஷயத்தை முன்பே கேட்டிருக்கலாம்.

*

லேத் அண்ணா, எங்கள் வீட்டிலும் இதே கதைதான். அம்மாவிடம் ஸ்டென்ட், பிளேட், கிளிப் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் இல்லை. உடை மாற்றும்போது நர்ஸ்தான் தோளுக்குப் பின்னால் ஒட்டியிருந்த மருந்துப் பட்டையைப் பார்த்தார். சில பட்டைகளின் பின்பக்கம் மெல்லிய அலுமினியம் இருக்கும், ஸ்கேனில் தோல் வெந்துவிடும் என்று சொல்லி உரித்துப் போட்டார். அம்மா வெளியே வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "புதுசு ஒன்று ஒட்டிவிடுகிறாயா?"