ரங்கூன் அமைதியாக இருக்கிறது என்கிறார்கள், செய்திகளில் போர் என்கிறார்கள்: எதை நம்புவது?

வியாசர்பாடிவாசி:
பர்மாவில் (இன்றைய மியான்மர்) 1964இல் கடைகள் அரசுடைமையானபின் கப்பலேறி வந்து வியாசர்பாடியில் குடியமர்ந்த குடும்பம் எங்களுடையது. ரங்கூனில் (யாங்கோன்) தங்கிவிட்ட உறவினர்கள், கடைகள் திறந்திருக்கின்றன, கோயில் திருவிழாகூட நடக்கிறது என்கிறார்கள்; செய்திகளோ பாதி நாடு இராணுவத்தின் கையைவிட்டுப் போய்விட்டது என்கின்றன. அந்த வீட்டில் இருபது வயதுப் பையன் ஒருவன் இருப்பதால்தான் கேட்கிறேன்.

தண்டையார்பேட்டை அன்பன்:
இரண்டுமே உண்மைதான், ஐயா. 2021 பிப்ரவரி 1 அன்று ஆட்சியைப் பறித்த இராணுவம் ரங்கூன், மாண்டலே, நேபிடோ போன்ற பெருநகரங்களைக் கைவிடவில்லை. அது இழந்தது எல்லைப் பகுதிகளை. 2023 அக்டோபர் 27 அன்று மூன்று இனக்குழுப் படைகள் சேர்ந்து தொடங்கிய தாக்குதலின் தொடர்ச்சியாக, 2024 ஆகஸ்டில் சீன எல்லைப் பக்கமுள்ள லாஷியோ நகரில் இருந்த இராணுவத்தின் வட்டாரத் தலைமையகமே வீழ்ந்தது. ஆனால் 2025 ஏப்ரலில் சீனாவின் சமரசத்தால் அதே நகரம் இராணுவத்திடம் திரும்பிவந்தது. யார் வெல்வது என்பதில் பெய்ஜிங்கின் விருப்பத்துக்கு எவ்வளவு எடை என்பதை அதிலிருந்தே கணித்துக்கொள்ளலாம்.

பழைய பாலம்:
நிலப்பரப்பை மட்டும் கணக்கிட்டால் பாதிதான் விளங்கும். இடம்பெயர்ந்தோர் 30 லட்சத்துக்கும் மேல் என்கிறது ஐ.நா.; அவர்களுக்கு அரிசியும் மருந்தும் எடுத்துச் செல்லும் வண்டிக்குப் பயண அனுமதி தருவது இராணுவம். 2023 மே மாதம் மோக்கா புயல் ராக்கைன் மாநிலத்தைச் சிதைத்தபின், அடுத்த மாதமே அங்கு நிவாரணப் பணியாளர்களின் பயண அனுமதிகளை அது நிறுத்திவைத்தது. 2025 மார்ச் 28 நிலநடுக்கத்தின்போது உலகத்திடம் உதவி கேட்டுக்கொண்டே குண்டுவீச்சையும் தொடர்ந்தது. இதை நிர்வாகக் குறைபாடு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எதிரியின் பகுதியைப் பட்டினி போடுவதும் அவர்களுக்குப் போர்முறைதான்.

தண்டையார்பேட்டை அன்பன்:
ஒப்புக்கொள்கிறேன். பையனைப் பற்றிச் சொல்ல விட்டுவிட்டேன். 2010இல் எழுதப்பட்டுக் கிடப்பில் இருந்த கட்டாய இராணுவச் சேவைச் சட்டம் 2024 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. 18 முதல் 35 வயது வரையுள்ள ஆண்களை இரண்டு ஆண்டுகளுக்கு அழைக்கலாம், நெருக்கடிநிலையில் ஐந்து ஆண்டுவரை நீட்டிக்கலாம். மாணவர்களுக்குத் தற்காலிக ஒத்திவைப்பு உண்டு.

வியாசர்பாடிவாசி:
அவர்களிடம் முழுக் குடியுரிமை அட்டை இல்லை. அதனால் தப்பலாமா?

பழைய பாலம்:
அதை நம்பவேண்டாம். குடிமக்களே இல்லை என்று ஒதுக்கப்பட்ட ரோஹிங்கியா இளைஞர்களையும் 2024இல் ராக்கைனில் பிடித்துப் படையில் சேர்த்தார்கள். பையன் படித்துக்கொண்டிருந்தால் கல்லூரிச் சான்றிதழைத் தயாராக வைத்திருக்கச் சொல்லுங்கள்.