நிறுவிய ஸ்கிரிப்ட் என் பைதானை விட்டு வேறொன்றில் ஓடுகிறது

குடமுருட்டி:
மன்னார்குடிப் பக்கம் எங்கள் விவசாயிகள் குழு அலுவலகத்தில் இருப்பது ஒரே ஒரு உபுண்டு 22.04 கணினி. மூன்று பேருக்கும் தனித்தனி லாகின். மேட்டூர் நீர்மட்டம், நீர்வரத்து, கல்லணையில் வெண்ணாற்றுக்குத் திறந்த அளவு எல்லாவற்றையும் ஒரே தாளில் தரும் சின்ன பைதான் ஸ்கிரிப்ட் எழுதி, சுடோ (நிர்வாகி உரிமை) போட்டு, பைதான் பொதிகளை நிறுவும் பிப் வழியாக நிறுவினேன். மொத்தமும் ஒரே ஃபைல்தான்.

வரைபடத்துக்கு வேண்டிய மேட்பிளாட்லிப், என் ஹோமில் பைஎன்வ் (பயனருக்கென்று தனிப் பைதான் வைக்கும் கருவி) வைத்திருக்கும் பைதானில் இருக்கிறது. ஆனால் ஸ்கிரிப்டை ஓட்டினால் அப்படி ஒரு மாட்யூலே இல்லை என்கிறது. எந்தப் பைதானில் ஓட வேண்டும் என்று சொல்ல நான் எழுதிய முதல் வரி ‘#!/யூஎஸ்ஆர்/பின்/என்வ் பைதான்3’. நிறுவிய ஃபைலில் இருப்பதோ ‘#!/யூஎஸ்ஆர்/பின்/பைதான்3’. யார் மாற்றியது? ஓட்டுபவர் எந்தப் பைதான் வைத்திருக்கிறாரோ அதில் ஓட வேண்டும். மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12 நெருங்கினால், குறுவைக்கு நாற்று விடலாமா, கொஞ்சம் பொறுக்கலாமா என்று இந்தத் தாளை வைத்துத்தான் இங்கே பேசுகிறார்கள்.

அரசலாறு:
பிப்தான் மாற்றியது. பொதி கட்டும் கருவியான செட்அப்டூல்ஸ், வீல் என்னும் நிறுவல் பொதியைக் கட்டும்போது அந்த வரியை வெறும் ‘#!பைதான்’ ஆக்கிவிடும். நிறுவும்போது பிப், தான் ஓடும் பைதானின் முழுப் பாதையை அங்கே எழுதும். அதில் நியாயம் இருக்கிறது: மாட்யூல்களை எந்தப் பைதானுக்குள் போட்டதோ, அதுவே ஸ்கிரிப்டையும் ஓட்டினால்தான் அவை கிடைக்கும். உங்களுடையது ஒற்றை ஃபைல் என்பதால் பிப் தேவையே இல்லை. பழையதை நீக்கிவிட்டு, ‘சுடோ இன்ஸ்டால் -எம் 755’ (எல்லோரும் ஓட்டலாம் என்ற அனுமதி) கொடுத்து /யூஎஸ்ஆர்/லோக்கல்/பின்னில் நேராகப் போடுங்கள். முதல் வரி நீங்கள் எழுதியபடியே நிற்கும்.

பாமணியாறு:
தம்பி, அரசலாறு சொன்னது சரி. ஆனால் முதல் வரியில் உள்ள என்வ் தேடுவது பாத் மாறியில் (நிரல்களைத் தேடும் அடைவுகளின் பட்டியல்) முதலில் வரும் பைதானை. காலையில் தாள் தானாக வரட்டும் என்று, குறித்த நேரத்தில் ஓட்டும் கிரானில் போட்டால், அங்கே பாத் வழக்கமாக /யூஎஸ்ஆர்/பின், /பின் இரண்டோடு நின்றுவிடும். உங்கள் பைஎன்வ் அதன் கண்ணில் படாது. கிரானின் பட்டியலான கிரான்டாபின் மேலேயே பாத் வரியை எழுதி, பைதான் கட்டளை இருக்கும் பைஎன்வின் ஷிம்ஸ் அடைவை அதில் முதலாவதாக வையுங்கள். உபுண்டுவுக்கு மூலமான டெபியன் தன் பொதிகளில் என்வைத் தவிர்த்து, நேராக /யூஎஸ்ஆர்/பின்/பைதான்3 என்று எழுதச் சொல்வதும், பாத்தைப் பொறுத்து வேறு பைதான் மாட்டும் இந்த மாதிரிச் சிக்கலால்தான்.

குடமுருட்டி:
நேராகப் போட்டதும் என் லாகினில் வரைபடம் வந்துவிட்டது, ரொம்ப நன்றி. மற்ற இருவரிடம் மேட்பிளாட்லிப் இல்லை. அவர்களுக்கு?

அரசலாறு:
அந்த இம்போர்ட்டை (மேட்பிளாட்லிப்பை அழைக்கும் வரியை) டிரை-எக்செப்டுக்குள் வையுங்கள்; பிழை வந்தாலும் ஸ்கிரிப்ட் நிற்காது. மாட்யூல் இல்லாதவருக்கு வரைபடம் விட்டுப்போகும், அட்டவணை வந்துவிடும். நாற்று விடும் பேச்சுக்கு அட்டவணை போதுமே.