நியூட்ரான் ‘குறியிடல்’ வேண்டாம், ‘சான்றொப்பம்’ ஆகுமா?

அன்புள்ள குழுவினர்க்கு,

வணக்கம். நியூட்ரினோ என்னும் மிகச் சிறு துகள்களைப் பிடிக்கும் சூப்பர் கமியோகாண்டே கண்டறிகருவியின் தரமுயர்த்தலைப் (upgrade) பற்றிய கலைச்சொற் பட்டியலில், அங்கே கையாளப்படும் முதன்மையான உத்தியான ‘neutron tagging’ என்பதற்கு ‘நியூட்ரான் குறியிடல்’ என்ற சொல் முன்மொழியப்பட்டு, பலரும் அதை ஏற்றுவிட்டதைக் கண்டேன். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஆங்கிலச் சொல்லை மட்டும் பார்த்தால் குறியிடல் பொருத்தமாகவே தோன்றும். தொட்டிக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்தால் பொருந்தாது. ஆகவே முதலில் அந்த நிகழ்வைச் சற்று விரித்துச் சொல்ல அனுமதி வேண்டுகிறேன்.

ஜப்பானின் கிஃபு மாநிலத்தில் உள்ள கமியோகாவில், ஒரு மலையின் அடியில் ஏறத்தாழ 1,000 மீட்டர் ஆழத்தில் 50,000 டன் நீர் கொள்ளும் உருளைத் தொட்டி ஒன்று 1996 முதல் இயங்கி வருகிறது. அதன் உட்சுவர் முழுவதும், மங்கலான ஒளியையும் உணரும், ஒவ்வொன்றும் அரை மீட்டர் விட்டமுள்ள ஒளிப்பெருக்கிக் குழாய்கள், 11,000-க்கும் மேல். நியூட்ரினோக்கள் ஒரு வகையிலிருந்து இன்னொரு வகைக்கு மாறுகின்றன என்பதை 1998-இல் உலகுக்கு அறிவித்ததும், தகாக்கி கஜிதாவுக்கு 2015-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றுத் தந்ததும் இந்தத் தொட்டிதான். ஆனால் அதற்கு நெடுங்காலமாக ஒரு குறை இருந்தது. நியூட்ரினோவின் எதிர்த்துகளான எதிர்நியூட்ரினோ ஒன்று நீரிலுள்ள புரோட்டானில் மோதினால், எலக்ட்ரானின் எதிர்த்துகளான பாசிட்ரானும் ஒரு நியூட்ரானும் பிறக்கின்றன. பாசிட்ரான், நீரில் ஒளியைவிட விரைந்து செல்லும் மின்துகள்கள் உமிழும் செரன்கோவ் ஒளியை வளையமாக வீசிவிட்டு மறைகிறது. அதைக் குழாய்கள் எளிதில் பிடித்துவிடும். மின்சுமை இல்லாத நியூட்ரானோ ஒளியேதும் தராமல் நீருக்குள் அலைந்து வேகம் குறைந்து, சராசரியாக 200 மைக்ரோ நொடிகளில் ஒரு ஹைட்ரஜன் அணுக்கருவிடம் சிக்குகிறது. அப்போது வெளிப்படும் ஒற்றைக் காமாக் கதிரின் ஆற்றல் 2.2 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் மட்டுமே. இவ்வளவு பெரிய தொட்டியில் அது இரைச்சலோடு இரைச்சலாகக் கரைந்துவிடும். 2008-இல் மின்னணுச் சுற்றுகளை மாற்றிய பிறகு அதில் ஒரு சிறு பங்கைப் பொறுக்கியெடுக்க முடிந்தது. பெரும்பகுதி தப்பிக்கொண்டுதான் இருந்தது.

ஜான் பீகம், மார்க் வேகின்ஸ் என்னும் இயற்பியலாளர்கள் இருவர் 2003-இல் எழுதிய முன்மொழிவு இதற்கு வழி சொன்னது: தொட்டியைப் பெரிதாக்க வேண்டாம், நீரில் கடோலினியம் உப்பைக் கரைத்தால் போதும். எம்.ஆர்.ஐ. எடுக்கும்போது சிலருக்கு ஊசி வழியாகச் செலுத்துகிறார்களே, அந்த மருந்தில் இருக்கும் அதே தனிமம்தான். வேகம் குறைந்த நியூட்ரானைக் கவர்வதில் இயற்கைத் தனிமங்களில் அதற்கு நிகர் இல்லை. கவர்ந்ததும் அது பல காமாக் கதிர்களாகச் சேர்த்து வெளியிடும் ஆற்றல் ஏறத்தாழ 8 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட். அது குழாய்களுக்குத் தெளிவாகத் தெரியும்.

எண்ணம் எளியது, நிறைவேற 17 ஆண்டுகள் ஆயின. வழக்கமான நீர்ச் சுத்திகரிப்பு முறை உப்பையெல்லாம் நீக்கிவிடும் என்பதால், கடோலினியத்தை மட்டும் விட்டுவைத்து மற்ற மாசுகளை அகற்றும் புதிய சுற்றோட்ட முறையை வடிவமைத்து, அதே சுரங்கத்தில் 200 டன் சோதனைத் தொட்டி ஒன்றில் ஆண்டுக்கணக்கில் இயக்கிப் பார்த்தார்கள். உப்பில் இருக்கும் யுரேனிய, தோரிய, ரேடிய எச்சங்கள் சூரிய நியூட்ரினோ அளவீட்டைக் கெடுத்துவிடும் என்பதால் உப்பையே அணு அணுவாகத் தூய்மையாக்க வேண்டியிருந்தது. இன்னொரு தொல்லை, தொட்டி நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு டன் கசிந்துகொண்டிருந்தது. வெறும் நீர் கசிந்தால் கேடில்லை, கடோலினிய நீர் சுற்றுப்புறத்தில் கலக்கக் கூடாது. ஆகவே 2018-இல் தொட்டியைத் திறந்து, நீர்மட்டம் இறங்க இறங்க மிதவைத் தளங்களில் நின்றபடி எஃகுத் தகடுகளின் பற்றவைப்பு இணைப்புகளை ஒவ்வொன்றாகப் பூசி அடைத்தார்கள். 2020-இல் 13 டன் கடோலினியம் சல்பேட்டைக் கரைத்தபோது கடோலினியத்தின் செறிவு 0.01 விழுக்காடு; பிறக்கும் நியூட்ரான்களில் பாதி அதனிடம் சிக்கின. 2022-இல் மேலும் 26 டன் சேர்த்து 0.03 விழுக்காட்டுக்கு உயர்த்தியதும் முக்கால் பங்கு சிக்குகின்றன.

தரமுயர்த்தல் என்ற சொல்லைப் பற்றி இடையில் ஒரு வார்த்தை. அதற்கு மாற்றாக ஒருவர் ‘திறனேற்றம்’ என்று எழுதியிருந்தார். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் திறன் என்பது வாட்டில் அளக்கும் அளவு. இலங்கைப் பாடநூல்களில் ஏற்றம் என்றால் மின்சுமை. இரண்டையும் ஒட்டவைத்து இரு கரை மாணவர்களையும் குழப்ப வேண்டாம். நடுநிலைப் பள்ளி உயர்நிலைப் பள்ளியாகத் தரம் உயர்ந்தது என்று நாளிதழ்கள் நாள்தோறும் எழுதுகின்றன. முன்பு இல்லாத வகுப்பு இப்போது இருக்கிறது என்ற பொருள் அதில் தெளிவாக உள்ளது. கசிவடைத்த வேலையைச் செப்பனிடல் என்று தனியே சொல்லிக்கொள்ளலாம்.

இனி குறியிடலுக்கு வருகிறேன். உயிரியலிலும் மருத்துவத்திலும் ஒரு மூலக்கூற்றோடு கதிரியக்க அணுவை இணைத்து அதன் போக்கைப் பின்தொடர்வதைக் குறியிடல் என்கிறோம். குறியை நாம் இடுகிறோம், இட்ட பொருளைத் தொடர்கிறோம். ‘நியூட்ரான் குறியிடல்’ என்று படிக்கும் மாணவர், யாரோ நியூட்ரானுக்கு அடையாளம் இட்டதாகவே புரிந்துகொள்வார். நடப்பதோ அதற்கு நேர்மாறு. நியூட்ரானின் மேல் யாரும் எதையும் இடுவதில்லை. முதலில் பாசிட்ரானின் ஒளி, பிறகு சில பத்து மைக்ரோ நொடிகள் கழித்து ஏறத்தாழ அதே இடத்திலிருந்து கடோலினியத்தின் ஒளி, இப்படி இரண்டாவதாக வரும் ஒளியே முதல் நிகழ்வு எதிர்நியூட்ரினோவால் ஆனது என்று உறுதி செய்கிறது. 1956-இல் இயற்பியலாளர்கள் ரைன்ஸும் கோவனும் நியூட்ரினோவை முதன்முதலாகப் பிடித்ததும், கடோலினியத்துக்குப் பதில் காட்மியத்தைக் கொண்டு, இதே இரட்டை ஒளியால்தான்.

ஆகவே தேவைப்படுவது சாட்சியைக் குறிக்கும் சொல். பழந்தமிழில் ‘கரி’ என்பதற்குச் சாட்சி என்ற பொருள் உண்டு. அழகிய சொல்தான், ஆயினும் வேதியியல் பக்கத்தில் அதை வைத்தால் எல்லோரும் அடுப்பைத்தான் நினைப்பார்கள். ‘நியூட்ரான் சான்று’ என்பது சுருக்கமானது. ஆனால் நியூட்ரான் தரும் சான்றா, நியூட்ரான் இருப்பதற்கான சான்றா என்ற ஐயம் அதில் தங்கிவிடுகிறது. என் முன்மொழிவு ‘நியூட்ரான் சான்றொப்பம்’. நகலொன்றில் அரசு அலுவலர் இடும் சான்றொப்பம் ஆவணம் உருவான பிறகு வருவது, வேறொருவர் இடுவது, அது வந்த பிறகே ஆவணம் செல்லும். இங்கும் அதே முறைமை. அலுவலக வாடை வீசுகிறது என்று சிலர் சொல்லக்கூடும். வீசட்டும், மக்கள் நாவில் ஏற்கெனவே உள்ள சொல் என்பதற்கு அதுவே அடையாளம். இலங்கை அன்பர்களுக்கு ‘அத்தாட்சி’ பழக்கமானதாக இருக்கலாம். அவர்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

சொல் தாங்குமா என்பதை அதன் பயன்பாடுகளில்தான் சோதிக்க வேண்டும். பிரபஞ்ச வரலாறு நெடுகிலும் இடிந்து மடிந்த விண்மீன்கள் உமிழ்ந்த நியூட்ரினோக்கள் இன்றும் நம்மைக் கடந்துகொண்டே இருக்கின்றன. அவற்றைத் தேடுவதே இந்தத் தரமுயர்த்தலின் முதல் நோக்கம். ஆண்டுக்குச் சில நிகழ்வுகளே எதிர்பார்க்கப்படுவதால், சான்றொப்பம் பெற்றவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்ற குப்பையைத் தள்ளிவிடுகிறார்கள். புரோட்டான் சிதைவைத் தேடுவோருக்கு வேண்டியது இதன் மறுதலை. வளிமண்டல நியூட்ரினோ மோதல்களில் நியூட்ரான் அடிக்கடி பிறக்கும், புரோட்டான் சிதைவிலோ அரிதாகவே பிறக்கும் என்பதால், சான்றொப்பம் இல்லாமையே அங்கே தகுதியாகிறது.

சூப்பர்நோவா என்னும் விண்மீன் வெடிப்பில், சான்றொப்பம் இருப்பது, இல்லாதது இரண்டும் பயன்படும். 1987-இல் பெரிய மெகல்லன் மேகத்தில் விண்மீன் வெடித்தபோது, இதன் முன்னோடியான கமியோகாண்டே பிடித்தவை 11 நிகழ்வுகள். அவற்றில் எது எந்த வகை என்று தனித்தனியே சொல்ல வழியில்லை. நம் பால்வீதியிலேயே ஒன்று வெடித்தால் ஆயிரக்கணக்கில் வரும். பெரும்பான்மையான எதிர்நியூட்ரினோ நிகழ்வுகள் திசை சொல்லா. எலக்ட்ரானில் மோதிய சிறுபான்மையே வெடிப்பின் திசையைச் சுட்டும். சான்றொப்பம் பெற்றவற்றை விலக்கிவிட்டால் மிஞ்சுபவற்றில் திசை கூர்மையாகும். ஒளி வந்துசேருவதற்கு முன்பே தொலைநோக்கிகளை அந்தப் பக்கம் திருப்பிவைக்கலாம். திருவாதிரை போன்ற அண்மை விண்மீன் என்றால், அது சிலிக்கானை எரிக்கும் இறுதிக் கட்டத்தில் உமிழும் எதிர்நியூட்ரினோக்களைக் கொண்டு வெடிப்புக்குச் சில மணி நேரம் முன்பே எச்சரிக்க முடியும். இதற்கென அதே மலைக்குள் இருக்கும் காம்லேண்டு என்னும் இன்னொரு நியூட்ரினோக் கண்டறிகருவியுடன் சேர்ந்து ஓர் எச்சரிக்கை ஏற்பாடு அமைக்கப்பட்டது.

எனக்கு உண்மையான தயக்கம் ஓரிடத்தில்தான். இத்தாலியின் கிரான் சாசோ நிலத்தடி ஆய்வகத்தில், கரும்பொருளைத் (dark matter) தேடும் திரவ செனான் கருவியைச் சுற்றிலும் இதே கடோலினிய நீர் நுட்பத்தைப் பயன்படுத்துகிறார்கள். அங்கே நீர்த்தொட்டியில் நியூட்ரான் பிடிபட்டால் செனானில் கண்ட நிகழ்வு போலி என்று பொருள், அது தள்ளப்படும். செல்லாது என்று காட்டும் ஒப்பத்தைச் சான்றொப்பம் என்று அழைக்கலாமா? அந்த இடத்துக்கு மட்டும் ‘நியூட்ரான் தடை’ என்று வேறு சொல் வைப்பது நல்லது என்பது என் எண்ணம்.

கூட்டுச்சொற்கள் தடையின்றி அமைகின்றன: சான்றொப்பம் பெற்ற நிகழ்வு, சான்றொப்ப விழுக்காடு, தற்செயலான இரைச்சல் இரண்டாம் ஒளிபோல் மயக்கும்போது போலிச் சான்றொப்பம். வினையாக ‘சான்றொப்பமிடு’ என்று வழங்கலாம். எழுவாய் நியூட்ரான்தான், ஆய்வாளர் அல்லர். பட்டியலை இறுதி செய்யுமுன், ‘நியூட்ரான் தடை’ பற்றிய கருத்துகளையும் குழுவினர் எழுதினால் இரண்டு பதிவுகளையும் ஒரே நேரத்தில் திருத்திவிடலாம்.

அன்புடன்.