கொரியர்களை இறக்கினால் கோப்பை வந்துவிடுமா?

பிங்200:
நேற்று ராத்திரி தூக்கம் வராமல் டீம் லிக்விட் என்ற அமெரிக்க அணியின் 2022 ஆட்டங்களைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன், எரிச்சல்தான் வந்தது. லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் என்ற கணினி விளையாட்டைப் பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாக: ஆடும் ஐந்து பேரில் வெளிப் பிராந்தியத்து ஆள் இரண்டு பேருக்கு மேல் கூடாது என்று அந்த விளையாட்டை நடத்தும் ரயட் நிறுவனம் 2014இல் ஒரு விதி அறிவித்தது. லிக்விட் அந்த இரண்டு இடத்துக்கும் ஐரோப்பாவிலிருந்து பிவிப்போவையும் ஹான்ஸ் சாமாவையும் எடுத்துவிட்டார்கள். சப்போர்ட் என்ற துணை இடத்தில் ஆடும் கோர்ஜேஜே கொரியர், ஆனால் 2019இலிருந்து அமெரிக்காவில்தான் இருக்கிறார், அவருக்கு கிரீன் கார்டு வந்துவிடும், அப்புறம் அவர் கணக்கில் வரமாட்டார் என்பது திட்டம். கார்டு நேரத்துக்கு வரவில்லை. 2017இல் சாம்சங் கேலக்ஸியோடு உலகக் கோப்பை வென்ற மனிதர், குடியேற்ற அலுவலகத் தபாலுக்காகக் காத்துக்கொண்டு வெளியே உட்கார்ந்திருக்கிறார், அவர் இடத்தில் ஐலா ஆடுகிறார். இது விளையாட்டா, ரேஷன் கடை வரிசையா? கொரியர்களை எத்தனை பேர் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று விதியைத் தூக்கிப் போட வேண்டும் என்பதுதான் என் கட்சி. திட்ட விரும்புகிறவர்கள் வரலாம்.

மிட்லேன் முருகன்:
வந்துவிட்டேன். அந்த வருடக் கதையின் மீதியையும் சொல்லுங்கள் ப்ரோ. கார்டு வந்தது, கோர்ஜேஜே ஆடினார், சூப்பர் டீம் என்று பெயர், கடைசியில் வேர்ல்ட்ஸ் என்ற உலகக் கோப்பைப் போட்டிக்கே தகுதி பெறவில்லை. விதியா தடுத்தது?

வட அமெரிக்கா பத்து வருடத்துக்கும் மேலாக வெளியிலிருந்து ஆள் வாங்குகிறது. 2013 உலகக் கோப்பையை எஸ்கேடி என்ற கொரிய அணியோடு வென்ற இம்பாக்ட், பிக்லெட் இரண்டு பேரும் 2015 சீசனுக்கே அங்கே போய்விட்டார்கள். ஃபனாட்டிக் என்ற ஐரோப்பிய அணியில் கலக்கிய ஹூனி, ரெயினோவர் என்ற கொரிய ஜோடியை 2016இல் இம்மார்ட்டல்ஸ் என்ற அமெரிக்க அணி தூக்கியது, வசந்த சீசனில் 17 வெற்றி 1 தோல்வி, அப்புறம் அரையிறுதியில் டிஎஸ்எம் அணியிடம் 0-3. முதல் வருடத்தை விட்டுவிட்டால், வேர்ல்ட்ஸ் அரையிறுதிக்குப் போன ஒரே வட அமெரிக்க அணி 2018 கிளவுட்9. அந்த அணியில் ஆடிய கொரியர் எத்தனை பேர்? ஒருவர்கூட இல்லை. லிக்கரிஸ், பிளேபர், ஜெல் என்று அங்கேயே வளர்ந்த பையன்களுக்கு இடம் கொடுத்த வருடம் அது.

வார்டு வைக்காதவன்:
“ஜெல்” இல்லை அண்ணே, ஜெய்சல். தலைமுடிக்குத் தடவுவது ஜெல்.

மிட்லேன் முருகன்:
சரி சரி, ஜெய்சல். வாதத்துக்குப் பதில் சொல்லுங்கள்.

பிங்200:
நான் சொல்கிறேன். அந்த கிளவுட்9 அணியின் தலைமைப் பயிற்சியாளர் யார்? ரெயப்பர்ட். கொரியர், முன்னாள் வீரர். பையன்களைப் பெஞ்சிலிருந்து எடுத்து ஆட விட்ட முடிவே அவருடையது. நீங்கள் உள்ளூர் வெற்றி என்று காட்டும் ஒரே அணியும் கொரிய மூளையில் ஓடியதுதான்.

அப்புறம் சீனாவை ஏன் பேசமாட்டேன் என்கிறீர்கள்? 2018 ஐஜி அணியில் தஷை, ரூக்கி. 2019 எஃப்பிஎக்ஸில் கிம்கூன், டோயின்பி. 2021 இடிஜியில் ஸ்கௌட், வைப்பர். மூன்று உலகக் கோப்பை, மூன்றிலும் இரண்டிரண்டு கொரியர். இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும்?

மிட்லேன் முருகன்:
நீங்களே எண்ணிப் பாருங்கள், இரண்டிரண்டு. மீதி மூன்று பேர்? 2018 இறுதிப் போட்டியின் சிறந்த வீரர் நிங், 2019இல் தியான், இரண்டு பேரும் ஜங்கிளர் என்ற இடத்தில் ஆடிய சீனர்கள். ஐஜியில் ஏடிசி என்ற தாக்கும் இடத்தில் ஆடிய ஜாக்கிலவுக்கு அப்போது 17 வயது. விதி இல்லாமல் இருந்திருந்தால் அந்த மூன்று இடத்துக்கும் ஏதாவது கொரியரை வாங்கியிருப்பார்கள், அந்தப் பையன் இன்னும் இரண்டு வருடம் பெஞ்சைத் தேய்த்திருப்பான். நீங்கள் காட்டும் மூன்று கோப்பையும் விதிக்குள் வென்றவை. அதை வைத்துக்கொண்டு விதியை எடு என்கிறீர்கள்.

பழைய டெரன்:
இந்தச் சண்டையை நாங்கள் உங்களுக்கு முன்பே போட்டு முடித்துவிட்டோம் தம்பிகளா. ஸ்டார்கிராஃப்ட் 2 என்ற விளையாட்டில். 2013இல் அதைத் தயாரித்த பிளிஸ்ஸார்ட், டபிள்யூசிஎஸ் என்ற போட்டித் தொடரை மாற்றி அமைத்து அமெரிக்கா, ஐரோப்பா, கொரியா என்று மூன்று பிரிவு வைத்தார்கள், ஆனால் யார் எங்கே வேண்டுமானாலும் சேரலாம். என்ன ஆனது? அமெரிக்கப் பிரிவின் முதல் மூன்று சீசன் கோப்பையும் கொரியர்களுக்கு, ஹீரோ ஒரு முறை, போல்ட் இரண்டு முறை. போல்ட்டைக் குறை சொல்லமாட்டேன், அவர் உண்மையாகவே டெக்சாஸில் குடியேறிப் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே ஆடியவர். மற்ற பல பேர் சியோலில் உட்கார்ந்துகொண்டே அமெரிக்கப் பிரிவில் ஆடினார்கள். அமெரிக்காக்காரன் தன் ஊர் லீகில் தன் ஊர் ஆளைப் பார்ப்பதே அபூர்வமாகிவிட்டது. 2015இல் விசா கேட்டார்கள், 2016இல் கொரியாவைத் தனியாகவே பிரித்துவிட்டார்கள். இரண்டு வருடம் கழித்து, 2018இல், ஃபின்லாந்துப் பையன் செரல் உலக இறுதியில் கொரியரான ஸ்டாட்ஸை 4-2 என்று அடித்தான். கொரியர் இல்லாத முதல் உலகச் சாம்பியன். அன்றைக்கு ராத்திரி நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

பிங்200:
அண்ணே, செரல் ஒரு அவதாரம். கொரியாவைப் பிரித்துப் பூட்டுப் போட்டதால் பிறந்தவர் இல்லை. அதே வருடம் சியோலுக்கே போய் கொரியர்களோடு மோதும் ஜிஎஸ்எல் வெர்சஸ் த வேர்ல்ட் போட்டியையும் வென்றவர். கொரியரோடு மோதாமல் இருந்ததால் வளர்ந்தார் என்றால் எப்படி? பூட்டு போட்ட பிறகு எத்தனை செரல் வந்தார்கள்?

பழைய டெரன்:
பூட்டு இருந்ததால் அந்த வருடம் கொரியாவுக்கு வெளியே நடந்த சர்க்யூட்டின் நாலு போட்டியும் அவனுக்குக் கிடைத்தது, பணம் கிடைத்தது, முழுநேரமாக ஆட முடிந்தது. அவதாரமாகவே இருந்தாலும் சோறு வேண்டாமா? முதல் சுற்றிலேயே கொரியரிடம் அடி வாங்கி 500 டாலரோடு வீட்டுக்குப் போகிற பையன் அடுத்த வருடம் கல்லூரிக்குப் போய்விடுவான். நீங்கள் வந்தவர்களை எண்ணுகிறீர்கள், நான் போனவர்களை எண்ணுகிறேன்.

வார்டு வைக்காதவன்:
நான் இடையில் ஒரு கதை சொல்கிறேன், பிடிக்காதவர்கள் தாண்டிப் போகலாம். கல்லூரி கல்ச்சுரல்ஸில் வேலரண்ட் என்ற துப்பாக்கிச் சுடும் விளையாட்டுப் போட்டி. எங்கள் டிபார்ட்மெண்டில் நாங்கள் மூன்று பேர் தமிழ்ப் பையன்கள், எல்லாரும் கோல்ட் ரேங்க். ஹாஸ்டலில் வடக்கிலிருந்து வந்த இரண்டு பேர், இரண்டு பேரும் அதைவிட உயர்ந்த இம்மார்ட்டல் ரேங்க். இறக்குமதி செய்துவிட்டோம், விதிப்படி இரண்டே பேர்! பயிற்சியில் சுட்டுத் தள்ளினார்கள், கப் நமக்குத்தான் என்று ட்ரீட் வரைக்கும் பேசிவிட்டோம். அரையிறுதியில் 11-11. நாங்கள் ஏ சைட்டைக் காத்துக்கொண்டிருக்கிறோம். ஹெட்செட்டில் ஒருவன் “பீச்சே! பீச்சே!” என்று அலறினான். “பி” என்கிறான் என்று நினைத்து நாங்கள் மூன்று பேரும் பி சைட்டுக்கு ஓடினோம். எதிரி வந்தது எங்கள் முதுகுக்குப் பின்னால். பீச்சே என்றால் இந்தியில் “பின்னாடி” என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. மூன்று பேரையும் முதுகிலேயே சுட்டுவிட்டுப் போனார்கள்.

ஆக, கொரியரை வாங்குவது சரியா தப்பா என்று எனக்குத் தெரியாது, ஆனால் வாங்குவதற்கு முன்னால் “பின்னாடி”க்கு அவர் மொழியில் என்ன என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மிட்லேன் முருகன்:
இதைத்தான் நானும் சொல்ல வந்தேன், நீங்கள் சிரிக்க வைத்துச் சொல்லிவிட்டீர்கள். 2014 வேர்ல்ட்ஸ் முடிந்ததும் சாம்சங் ஒயிட், ப்ளூ என்ற இரண்டு கொரிய அணியின் பத்து பேரும் சீனாவுக்குப் போனார்கள். பத்து பேரும்! உலகச் சாம்பியன் அணியே சிதறிப் போனது. அடுத்த வேர்ல்ட்ஸை சீனா சுருட்டிவிடும் என்று ஊரே பேசியது. நடந்தது என்ன? சீன அணிகளில் எல்ஜிடி, ஐஜி குரூப்பிலேயே காலி. இடிஜி காலிறுதியில் ஃபனாட்டிக்கிடம் 0-3. இறுதிப் போட்டியில் மோதியது இரண்டும் கொரிய அணிகள், ஆளை விற்ற ஊர்தான்.

பிங்200:
அந்த ஃபனாட்டிக்கில் டாப், ஜங்கிள் இடங்களில் ஆடியது யார் என்று சொல்லாமல் நைசாகத் தாண்டிவிட்டீர்களே. ஹூனி, ரெயினோவர். அந்தக் கோடை லீகில் 18-0. இரண்டு பேரும் ஆங்கிலத்தில் பேசி, சிரித்து, ஐரோப்பியர்களோடு ஒட்டிக்கொண்டார்கள். அதே வருட நடுவில் எம்எஸ்ஐ என்ற சர்வதேசக் கோப்பையை எஸ்கேடியிடமிருந்து பறித்ததும் டெஃப்ட், பான் என்ற கொரியர்கள் இருந்த அதே இடிஜிதான். அதனால் 2015ஐ வைத்துக் கொரியர் தோற்றார்கள் என்று சொல்ல முடியாது. மொழி படித்தவர்கள் ஜெயித்தார்கள் என்று வேண்டுமானால் சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன். டோயின்பி எஃப்பிஎக்ஸில் என்ன செய்தார்? மாண்டரினில் மூச்சுவிடாமல் பேசி அணியையே அவர்தான் ஓட்டினார். ரூக்கி நாலு வருடம் ஐஜியிலேயே கிடந்த பிறகுதான் அந்தக் கோப்பை.

மிட்லேன் முருகன்:
நாலு வருடம்! அதேதான். விதியை எடுத்துவிட்டால் யார் நாலு வருடம் காத்திருப்பார்கள்? ஐந்து பேரையும் மொத்தமாக வாங்கு, ஒரு சீசன் பார், தேறவில்லையா, திருப்பி அனுப்பு, அடுத்த ஐந்து. ஓவர்வாட்ச் என்ற இன்னொரு விளையாட்டின் லீகில் பார்த்தோமே, அங்கே வரம்பே இல்லை. முதல் சீசன் சாம்பியன் லண்டன் ஸ்பிட்ஃபயர். முழுக் கொரிய அணி, லீக் ஆட்டமெல்லாம் கலிஃபோர்னியாவில் பர்பேங்கில் ஒரே அரங்கத்தில். லண்டனுக்கும் அந்த அணிக்கும் ஜெர்சியில் எழுதியிருந்த பெயரைத் தவிர என்ன சம்பந்தம்? அந்த லீக் இப்போது எங்கே?

பிங்200:
அந்த லீக் மூடியதற்குக் கொரியர்களா காரணம், கோடிக்கணக்கில் ஃபிரான்சைஸ் கட்டணம் வாங்கிவிட்டு வருமானம் காட்டாத கணக்குதான் காரணம். ஷாங்காய் டிராகன்ஸ் முதல் சீசனில் 40 ஆட்டம் ஆடி 40லும் தோற்றது, ஞாபகம் இருக்கிறதா? பெரும்பாலும் கொரியர்களை வைத்து அணியை மறுபடி கட்டி 2021இல் சாம்பியன். அந்த ரசிகனிடம் போய் “ஜெர்சிக்கும் ஊருக்கும் சம்பந்தம் இல்லை” என்று சொல்லிப் பாருங்கள், டீ வாங்கிக் கொடுத்து அனுப்பி வைப்பான்.

பழைய டெரன்:
இதில் ஒரு வேடிக்கை. லீக் ஆஃப் லெஜண்ட்ஸில் இந்த இரண்டு பேர் விதி வந்ததற்குக் கொரியர்கள் மட்டும் காரணம் இல்லை. எல்எம்கியூ என்று ஒரு முழுச் சீன அணி பெட்டியைக் கட்டிக்கொண்டு அமெரிக்காவில் குடியேறி, 2014 வேர்ல்ட்ஸுக்கு அமெரிக்காவின் பெயரில் தகுதி பெற்றது. சொந்த நாட்டில் இடம் கிடைக்காதவன் பக்கத்து ஊர் வழியாக வருகிறான், அந்த வாசலைத்தான் முதலில் அடைத்தார்கள்.

வார்டு வைக்காதவன்:
நம்ம ஊர் பக்கம் வருவோமா? மும்பை குளோபல் எஸ்போர்ட்ஸ் 2023இல் வேலரண்ட் பசிஃபிக் லீகில் இறங்கியபோது டெக்ஸ்ச்சர், பாஸ்ஸி என்று இரண்டு கொரியர் இருந்தார்கள். இந்தியாவிலிருந்து எஸ்கேரோஸ்ஸி, லைட்னிங்ஃபாஸ்ட். ஆட்டம் நடந்தது சியோலில். கொரியர்களுக்கு ஆட்டோ செலவு மிச்சம். கோப்பைப் பக்கமே போகவில்லை. அடுத்த வருடம் டெக்ஸ்ச்சர் ஜென்ஜி என்ற கொரிய அணியில் சேர்ந்து மாஸ்டர்ஸ் ஷாங்காய் கோப்பையைத் தூக்கினார்.

பிங்200:
பார்த்தீர்களா, ஆள் சரக்கு உள்ளவர்தான்.

மிட்லேன் முருகன்:
பார்த்தீர்களா, ஆளை மட்டும் வாங்கினால் போதாதுதான்.

வார்டு வைக்காதவன்:
ஒரே கதை, இரண்டு தீர்ப்பு. நல்ல ஊர்.

மிட்லேன் முருகன்:
சரி, லிக்விடுக்கே திரும்பி வருகிறேன், பிங் ஆரம்பித்த இடம் அதுதானே. 2022 தோல்விக்குப் பிறகு 2023இல் ஐந்து பேருக்கும் கொரிய மொழி தெரிந்த அணியைக் கட்டினார்கள். சம்மிட், பியோசிக், கோர்ஜேஜே, கூடவே கொரிய அமெரிக்கப் பையன்கள் ஹேரி, யான். மொழிப் பிரச்சினைக்கு மருந்து கண்டுபிடித்துவிட்டோம் என்று நினைத்தார்கள். வசந்த சீசனில் பிளேஆஃபுக்கே போகவில்லை. கோடையில் அகாடமியிலிருந்து ஏபிஏ என்ற பையனை மிட் இடத்துக்கு ஏற்றினார்கள், ஜிக்ஸ் என்ற பாத்திரத்தை எடுத்துக் குண்டு போட்டுக்கொண்டிருப்பானே, அவன்தான். பேச்சை ஆங்கிலத்துக்கு மாற்ற வேண்டி வந்தது. வேர்ல்ட்ஸ் போனார்கள். 2024 வசந்தத்தில் வட அமெரிக்க லீகான எல்சிஎஸ் கோப்பையும் எடுத்தார்கள்.

பிங்200:
அந்த 2024 அணியில் இம்பாக்ட், உம்டி, கோர்ஜேஜே. மூன்று கொரியர். ஐந்தில் மூன்று!

மிட்லேன் முருகன்:
விதிப்படி எண்ணினால் அதில் உம்டி ஒருவர்தான் இறக்குமதி. மற்ற இரண்டு பேரும் அங்கேயே பல வருடம் இருந்து உள்ளூர்க்காரர் ஆனவர்கள். நீங்கள் முதல் பதிவில் திட்டினீர்களே அந்த கிரீன் கார்டு, அது செய்த வேலைதான் இது. வந்துபோகிறவனுக்கும் தங்குகிறவனுக்கும் வித்தியாசம் வைத்தது. இம்பாக்ட் அங்கே இருந்த வருடங்களில் எத்தனை உள்ளூர்ப் பையன்கள் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து டாப் லேன் எப்படிப் போகும் என்று பார்த்திருப்பார்கள். அப்படி வருகிற கொரியர் பத்து பேர் வரட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை.

பிங்200:
தபால் தாமதத்தால் ஒரு சாம்பியன் பெஞ்சில் உட்கார்ந்ததை மட்டும் நான் மன்னிக்கமாட்டேன். மற்றபடி… சரி, ஐந்து பேரையும் வாங்கலாம் என்பதைத் திரும்பப் பெறுகிறேன். மூன்று.

மிட்லேன் முருகன்:
இரண்டு.

பழைய டெரன்:
காய்கறிக் கடையா இது?

வார்டு வைக்காதவன்:
மணி ஒன்று இருபத்தைந்து, ஒன்றரைக்குக் கொரிய லீக் தொடங்குகிறது. உள்ளூர்ப் பையன், உள்ளூர்ப் பையன் என்று இவ்வளவு பேசிய முருகன் அண்ணனும் அதைத்தான் பார்க்கப் போகிறார், பந்தயம். எல்சிஎஸ் ஆட்டத்தை நேரலையில் கடைசியாக எப்போது பார்த்தீர்கள் அண்ணே?

மிட்லேன் முருகன்:
அது நமக்கு விடிகாலை மூன்று மணி ஆட்டம் தம்பி, நான் ஷிஃப்ட் வேலைக்காரன். ஆனால் ஏபிஏ முதல் தடவை ஏறிய அந்தக் கோடையில் அலாரம் வைத்து எழுந்திருக்கிறேன், வீட்டில் திட்டும் வாங்கியிருக்கிறேன். ஏறியிருந்தது இன்னொரு கொரியராக இருந்திருந்தால் தூங்கியிருப்பேன்.