இங்கிலாந்துத் தீவான ஐல் ஆஃப் வைட்டில் இசைவிழா: எந்த ஊரில் தங்குவது?

கேள்வி:
ஜூன் விழாவுக்கு நாலு பேர் போறோம், வியாழன் முதல் ஞாயிறு வரை. கார் இல்லை, சவுத்தாம்ப்டன் வழியா வர்றோம். ரெண்டு பேர் டென்ட்டுக்குத் தயார், மத்த ரெண்டு பேருக்குக் கட்டில் வேணும். ஷாங்க்ளின் கடற்கரைப் பக்கம் ஒரு வீடு பார்த்து வெச்சிருக்கோம். எடுக்கலாமா?

பதில் 1:
வீடு நல்லா இருக்கலாம், ஆனா இந்த நாலு நாளுக்குத் தோதுப்படாது. விழா நடக்கிற சீகுளோஸ் பார்க், தீவின் நடுவில இருக்கிற நியூபோர்ட்ல இருக்கு. காலையில எப்படிப் போறதுன்னு பார்க்காதீங்க, ராத்திரி கடைசிப் பாட்டு முடிஞ்சதும் எப்படித் திரும்புறதுன்னு பாருங்க. தீவுல ரயில், ‘ரைடு’ங்கிற ஊர் முதல் ஷாங்க்ளின் வரைதான். நியூபோர்ட் பாதையை 1966லயே மூடிட்டாங்க. அதனால ஷாங்க்ளின், வெண்ட்னர் மாதிரி ஊர்னா ராத்திரி பஸ், இல்லைன்னா டாக்ஸி. ஒரே நேரத்தில ஆயிரக்கணக்கான பேர் வெளியே வரும்போது டாக்ஸியை நம்பவே வேண்டாம்.

நியூபோர்ட்ல அறை கிடைச்சா யோசிக்காம எடுங்க, ஊர் நடுவிலிருந்து மைதானத்துக்கு நடந்தே போயிடலாம். அடுத்தது கவுஸ், சுமார் 8 கிலோமீட்டர். அதுக்கப்புறம் ரைடு, சுமார் 11. விழா நாட்களில தீவோட பஸ் கம்பெனி சதர்ன் வெக்டிஸ் தனி பஸ் விடும். கடைசி பஸ் எத்தனை மணிக்குன்னு அந்த வருஷத்து அட்டவணையில பார்த்துட்டு அறைக்குப் பணம் கட்டுங்க.

இன்னொண்ணு: விடுமுறை வீடுகளை வாரக்கணக்கில வெள்ளியிலிருந்து வெள்ளி, சனியிலிருந்து சனின்னுதான் பெரும்பாலும் விடுவாங்க. உங்க தேதி ரெண்டு வாரத்துக்கு நடுவில விழுது. ஹோட்டல், பி அண்ட் பி (காலைச் சாப்பாட்டோட அறை) பக்கம் தேடுறதுதான் சரி.

பதில் 2:
மேலே சொன்னது சரி, ஆனா ‘கவுஸ்’னு மட்டும் சொல்லி விடக்கூடாது. கவுஸ் வேற, ஈஸ்ட் கவுஸ் வேற. நடுவில மெடினா ஆறு. வரைபடத்தில கூப்பிடு தூரம்தான், ஆனா பாலம்னு பார்த்தா நியூபோர்ட் வரைக்கும் கிடையாது. கடக்கிறதுக்கு இருக்கிறது ஒரு சங்கிலிப் படகு, அதுவும் ராத்திரி முழுக்க ஓடாது, பழுதானா நின்னுடும். சவுத்தாம்ப்டன்லேர்ந்து கார் இல்லாம வர்றவங்களுக்கான வேகப் படகு அரை மணிக்குள்ள கவுஸ்ல இறக்கும், கார் கப்பல் ஈஸ்ட் கவுஸுக்குப் போகும். உங்களுக்கு வேகப் படகுதான், அதனால அறையை மேற்குக் கரையில, அதாவது கவுஸ்லயே பாருங்க. படகு டிக்கெட்டையும் அறையையும் ஒரே நாள்ல போடுங்க. அறை கிடைச்சு படகு கிடைக்காத கூத்து அடிக்கடி நடக்கும்.

கார் இல்லாததும் நல்லதுக்குத்தான். 2012ல மழை கொட்டி பார்க்கிங் வயலெல்லாம் சேறாகி, தீவுச் சாலைகள் அடைச்சு, கப்பலுக்குள்ளேயே கார்கள் இறங்க முடியாம மணிக்கணக்கா நின்னுது.

பதில் 3:
டென்ட் ஆட்களுக்கு. ‘2 பேர்’னு போட்ட டென்ட்ல ரெண்டு உடம்பு மட்டும்தான் அடங்கும், பைக்கு இடமிருக்காது. மூணு பேர் டென்ட் எடுங்க. சரிவோட அடியில போடாதீங்க, மழைத் தண்ணி அங்கேதான் தேங்கும். கழிப்பறைக்குப் போற வழியோரமும் வேண்டாம், ராத்திரி பூரா யாராவது உங்க கயிறு தடுக்கி விழுந்துக்கிட்டே இருப்பாங்க. தலை மேட்டுப் பக்கம் இருக்கட்டும்.

ஜூன்தானேன்னு நினைச்சு மெத்தை விரிப்பை விட்டுட்டு வர்றாங்க. தூக்கப்பை எவ்வளவு தடிமனா இருந்தாலும் உடம்பு பாரத்துல அடிப்பக்கம் நசுங்கிடும், குளிர் தரையிலிருந்து ஏறும். காலையில பையோட கால்பக்கம் நனைஞ்சிருந்தா ஒழுகலாத்தான் இருக்கணும்னு இல்லை. மூச்சு ஈரம் டென்ட்டோட வெளித்துணியில படிஞ்சிருக்கும், உள்துணி அதுல ஒட்டினா ஊறி வந்துடும். கயிறை இழுத்துக் கட்டி ரெண்டுக்கும் நடுவில விரலிடை விடுங்க, மேல் காற்றுத் துளையை மூடாதீங்க. அஞ்சு மணிக்கு முன்னாடியே விடிஞ்சிடும், கண்ணுக்கு ஒரு பட்டை வேணும்.

கேட்டவர்:
ஷாங்க்ளினை விட்டாச்சு. கவுஸ் மேற்குக் கரையில ரெண்டு பேருக்கு அறை, மத்தவங்க மைதானத்தில. திரும்புறது ஞாயிறு ராத்திரியா, திங்களா?

பதில் 2:
திங்கள். மதியத்துக்கு மேல. காலையில டென்ட் கூட்டம் முழுக்க துறைக்குத்தான் வரும்.