கிரேக்க நாடகத்தில் தேவாலயமும் கோஸ்பல் பாட்டும் எதற்கு?

கேள்வி:
'தி கோஸ்பல் அட் கொலோனஸ்' நாடகத்தின் பதிவைப் பார்த்தேன். பழங்கால கிரேக்க நாடக ஆசிரியர் சோபக்ளீஸின் ஈடிபஸ் கதையை இயக்குநர் லீ புரூயர் ஒரு கறுப்பினப் பெந்தெகொஸ்தே சபையின் ஆராதனையாக மாற்றியிருக்கிறார். இசை பாப் டெல்சன். 1983இல் புரூக்ளினில் அரங்கேறி, 1988இல் நியூயார்க்கின் நாடக அரங்கப் பகுதியான பிராட்வேக்குப் போனது. கறுப்பினச் சபைகளின் பக்திப் பாட்டான கோஸ்பல் பாட்டுகள் உருக்கிவிட்டன. ஆனால் ஊரை விட்டுத் துரத்தப்பட்ட ஒரு கிரேக்க ராஜாவின் கதைக்குப் போதகரும் எலக்ட்ரிக் கிதாரும் ஏன்? எங்கள் கல்லூரிக் குழு, ஈடிபஸின் மகளைப் பற்றிய சோபக்ளீஸ் நாடகமான 'ஆன்டிகனி'யைப் போடுகிறது. அதனால்தான் கேட்கிறேன்.

பதில் 1:
பார்க்க நன்றாக இருந்தால் போதாதா? 1996இல் வந்த 'ரோமியோ + ஜூலியட்' படத்தில் துப்பாக்கிப் பிடியில் மாதா படம், கல்லறையில் நியான் சிலுவைகள், பாப் பாடகர் பிரின்ஸின் பாட்டைப் பாடும் தேவாலயச் சிறுவன் எல்லாம் உண்டு. எனக்குப் பிடித்த படம்.

பதில் 2:
அந்தப் படத்தில் சிலுவை கண்ணுக்கு. கொலோனஸில் ஆராதனைக்கு வேலை இருக்கிறது. சபைப் பாடகர் குழுவில் வளர்ந்தவள் நான், எனக்கு அந்த வித்தியாசம் பெரியது.

கிரேக்க நாடகம் போடுகிறவர்களுக்குப் பெரிய தலைவலி கோரஸ், அதாவது ஊர்க்காரர்களாக மேடையில் நின்று கூட்டாகப் பாடிப் பேசும் குழு. பத்துப் பேர் ஒரே குரலில் ஒப்பித்தால் அரங்கம் செத்துவிடும். சபையில் போதகர் ஒரு வரி சொன்னதும் எதிரே இருப்பவர்கள் தானாகக் குரல் கொடுப்பார்கள், எழுந்து நிற்பார்கள், அழுவார்கள். யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டாம். நடிகர் மார்கன் ஃப்ரீமன் போதகராக நின்று கதை சொல்லும்போது கோரஸுக்கு உயிர் வருவது அதனால்தான்.

அப்புறம் ஈடிபஸ். கிளாரன்ஸ் ஃபவுன்டனும் ஃபைவ் பிளைண்ட் பாய்ஸ் ஆஃப் அலபாமா குழுவும் சேர்ந்து அந்த ஒரே பாத்திரம். அலபாமாவின் பார்வையற்றோர் பள்ளியில் உருவாகி, தேவாலயம் தேவாலயமாகப் பாடி வந்தவர்கள். குருட்டு ராஜா அடைக்கலம் கேட்டுப் பாடும்போது அங்கே நடிப்பு என்று தனியாக எதுவும் இல்லை.

மூல நாடகத்திலேயே சமயம் நிறைந்திருக்கிறது. தீட்டுப்பட்ட ஈடிபஸ் தெய்வங்களின் தோப்புக்குள் நுழைந்துவிடுகிறான். தண்ணீரும் தேனும் வார்த்து எப்படிப் பரிகாரம் செய்வது என்று ஊர்க்காரர்கள் ஒவ்வொன்றாகச் சொல்லித் தருகிறார்கள். நாடகம் மேடையேறியதே தியோனைசஸ் தெய்வத்தின் திருவிழாவில்தான்.

ஒரே ஒரு இடத்தில் மனம் ஒப்பவில்லை. சோபக்ளீஸில் ஈடிபஸ் எப்படிப் போனான் என்பது ஏதென்ஸ் ராஜா தீசியஸுக்கு மட்டும் தெரியும். அவனும் கண்ணை மறைத்துக்கொண்டு நிற்கிறான். அப்பாவின் கல்லறையைப் பார்க்கவேண்டும் என்று ஆன்டிகனி கெஞ்சியும் நடக்கவில்லை. புரூயர் அந்த நேரத்தில் உயிர்த்தெழுதலின் ஆனந்தப் பாட்டைக் கொண்டுவருகிறார். பிரமாதமான பாட்டு. அந்தப் பெண்ணின் துக்கத்துக்கு அதில் இடமே இல்லாமல் போய்விட்டது.

கேள்வி கேட்டவர்:
நன்றி அக்கா. மேடையின் பின்னால் பெரிய சிலுவையும் ராக் இசையும் என்று யோசித்திருந்தோம். அதை விட்டுவிடலாமா?

பதில் 2:
விட்டுவிடுங்கள் தம்பி. 'ஆன்டிகனி'யின் நடுவில் ஓர் அடக்கச் சடங்கு இருக்கிறது. சகோதரனின் உடல்மேல் அவள் மண் தூவி, வெண்கலக் குடத்திலிருந்து மூன்று முறை நீர்க்கடன் வார்க்கிறாள். அதைக் காவலாளி வாயால் கேட்கிறோம். அந்த இடத்திலிருந்து தொடங்குங்கள். பதிவு செய்த இசை வேண்டாம், மேடையில் இருப்பவர்களே பாடட்டும். உங்கள் கோரஸில் யாருக்காவது ஒப்பாரி பாடத் தெரியுமா என்று முதலில் கேட்டுப் பாருங்கள். தெரிந்தால், கிதார் வேண்டுமா வேண்டாமா என்பதை அவரோடு ஒத்திகை பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள்.