ஸ்லாஷ் சிஸ்டம்: ‘வெட்டு முறை’ வேண்டாமே

வணக்கம்.

அசைவூட்ட (அனிமேஷன்) சொற்பட்டியலில் ஸ்லாஷ் சிஸ்டத்துக்கு ‘வெட்டு முறை’ என்று போட்டிருக்கிறோம். திரைத்துறையில் ‘வெட்டு’ படத்தொகுப்புக்குப் போய்விட்டது. தவிர, இங்கே நடப்பது கிழிப்பு.

1914 வாக்கில் நியூயார்க்கில் அசைவூட்டக் கலைஞர் ராவுல் பாரே கையாண்ட முறை இது. பின்னணியை ஒரே தாளில் ஒருமுறை வரைவார்கள். கதாபாத்திரத்தை வேறு தாளில் வரைந்து, தேவையற்ற பகுதியைக் கிழித்துப் பின்னணியின் மேல் வைத்தால், கிழிந்த இடம் வழியே வீடும் மரமும் தெரியும். அதே ஆண்டில் வந்த ‘கெர்ட்டி’ டைனோசர் படத்தில் பாறையையும் மரத்தையும் தாளுக்குத் தாள் திரும்ப வரைந்தார்கள். கோடுகள் நடுங்குவது அதனால்தான். (அந்த நடுக்கம் எனக்குப் பிடிக்கும், அது வேறு.)

என் பரிந்துரை: கிழிதாள் முறை.

> கிழிதாள் முறை (இதற்கு ஒருவர் எழுதிய பதில்)

வினைத்தொகை, ஒற்று மிகாது. யாராவது பிழைதிருத்தி ‘கிழித்தாள்’ ஆக்கிவிட்டால் ஒரு பெண் வந்து கிழித்துவிட்டுப் போவாள்! தாள் தானாகக் கிழிவதில்லையே என்ற நெருடலும் உண்டு. ஆனாலும் ஒரு வசதி: சில நேரம் பின்னணித் தாளே மேலே இருக்கும், அதில் ஓட்டை விட்டுப் பாத்திரம் கீழே நகரும். எந்தத் தாள் கிழிந்தது என்று இச்சொல் சொல்லாததால் இரண்டுக்கும் பொருந்தும்.

> இரண்டுக்கும் பொருந்தும் (இதற்கு அடுத்த பதில்)

ஆம். ‘கிழி’ இருந்தே ஆகவேண்டும், ஏனெனில் இம்முறையின் தொல்லையெல்லாம் கிழிந்த விளிம்பில்தான். படமெடுக்கும்போது விளிம்பு தூக்கினால் நிழல் விழுந்து படத்தில் கோடாகும். கண்ணாடி வைத்து அழுத்தி, இருபுறமும் சம ஒளி கொடுக்கவேண்டும். கிழிப்பு பின்னணிக் கோட்டின் குறுக்கே போனால் வேலி பாதியில் அறுந்து நிற்கும். அதனால்தான் அந்தப் படங்களில் பாத்திரத்தைச் சுற்றி அவ்வளவு வெள்ளை வெளி. சிக்கனம் என்று நினைக்கிறோம், பாதி தற்காப்பு.

கூடவே ‘பெக்’ என்பதற்கு ‘முளை’ என்று சேர்க்கலாம். தாளில் துளையிட்டு முளையில் மாட்டும் பழக்கமும் பாரேயுடையதே. துளை தளர்ந்தால் பாத்திரம் நிற்க, தரை ஆடும். ‘ரெஜிஸ்ட்ரேஷன்’ என்பதைப் ‘பதிவு’ என்று எழுதியிருப்பது தவறு. தாள்கள் ஒன்றன்மேல் ஒன்று பிசகாமல் அமர்வதுதான் பொருள். ‘தாட்பொருத்தம்’ சரியாக இருக்கும்.

‘செல்’ (பாத்திரத்தை வரையும் ஒளிபுகும் தாள்) இன்னும் பாக்கி. உயிரணு, கைபேசி இரண்டோடும் மோதுகிறது. அசைவூட்டக் கலைஞர் ஏர்ல் ஹர்ட் அதற்குக் காப்புரிமை கேட்டதும் 1914-இல்தான். ‘தெளிதாள்’ என்றால் கிழிதாளுக்கு இணையாக இருக்குமா?